கஞ்சா எண்ணெய் (ஆர்எஸ்ஓ, ரிக் சிம்சன் ஒயில்) பற்றித் தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ: "அரை அரிசி மணி" எண்டா எந்த அரிசி?

ஸ்காபரோ_மாமரம் எழுதினது:
வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. அம்மாவுக்கு 71 வயசு, மார்புப் புற்றுநோய், போன வருசம் எலும்புக்கும் போட்டுது. வலிக்கு ஹைட்ரோமோர்ஃபோன் போகுது, இதயத் துடிப்பு ஒழுங்கில்லை எண்டு கன வருசமா இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரினும் எடுக்கிறா. சாப்பாடு இறங்கேல்ல, நித்திரையும் இல்லை. போன சனிக்கிழமை சின்னம்மா ஒரு சிரிஞ்ச் கொண்டுவந்தவா, ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்ச், உள்ளுக்கு தார் மாதிரி கறுப்பா ஒரு சாமான், நுனியை அமத்தினா நூல் இழுக்குது, மணம் எண்டா வேப்பம்பிண்ணாக்கை ஆரோ கராஜில வைச்சு மறந்த மாதிரி. இதுதான் ஆர்எஸ்ஓ, முழுச்சாறு, புற்றுநோயையே எடுக்குமாம், முதல் அரை அரிசி மணி, நாலு நாளுக்கு ஒருக்கா ரெட்டிப்பாக்கோணும் எண்டா.

பின்னேரம் 7 மணிக்கு பாண் துண்டில வைச்சுக் குடுத்தம். எட்டரை மட்டும் ஒண்டும் இல்லை. "பழுதாப் போன சாமான் போல, இன்னொண்டு வை" எண்டு சின்னம்மா சொல்ல நானும் வைச்சன், மடையன். பத்து மணிக்கு அம்மா பாத்ரூமுக்கு எழும்பினவா, அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டா. கண் திறந்து பாத்திட்டு, குசினியில பெரியக்கா மா இடிக்கிறா, போய் உதவி செய் எண்டுறா. பெரியக்கா செத்து 30 வருசம். நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, கை சில்லிட்டுப் போச்சு. 911 அடிச்சு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனம். அங்க நேர்ஸ் "எத்தினை மில்லிகிராம்" எண்டு கேட்டவா, நான் "அரிசி மணி அளவு" எண்டன். அந்த மனுசி சிரிக்கேல்ல, "என்ன அரிசி?" எண்டு திருப்பிக் கேட்டவா.

விடிய அம்மா சரியாயிட்டா, எலும்பு ஒண்டும் உடையேல்ல. ஆனா ஒண்டு சொல்லோணும், அடுத்த நாள் மத்தியானம் மூண்டு இடியப்பம் சாப்பிட்டவா, ரெண்டு மாசத்தில முதல் தரம். அதாலதான் கேக்கிறன். இதை ஒழுங்காக் குடுக்கிற வழி இருக்கோ, இல்லை முழுக்கக் குப்பையில போடுறதோ?

மதுரை_மின்மினி எழுதியது:
ப்ரோ பயப்படாதீங்க, அது உடம்பு பழகுற வரைக்கும்தான். ரிக் சிம்ப்சன்னு உங்க கனடாக்காரர்தான், 2003ல அவருக்கே ஸ்கின் கேன்சர், இந்த ஆயிலைப் போட்டு நாலே நாள்ல போயிடுச்சு. 90 நாள்ல 60 கிராம், அதான் கோர்ஸ். மருந்து கம்பெனிக்காரன் இதை வெளிய வர விட மாட்டான். பாதியில நிறுத்திடாதீங்க.

மாத்திரை_எண்ணுபவன் எழுதினது:
மாமரம் தம்பி, நான் மிசிசாகாவில ஃபார்மசிஸ்ட், இருவது வருசம். கனடாவில மெடிக்கல் கஞ்சா ஃபார்மசிக் கவுண்டரால வாறேல்ல, டொக்டர் எழுதித் தாற மெடிக்கல் டாக்குமென்டைக் குடுத்து லைசன்ஸ் உள்ள ஆக்களிட்ட பதிஞ்சா தபாலில வரும். ஆனா அதை எடுக்கிற ஆக்கள் மற்ற மாத்திரைக்கு என்னட்டத்தான் வருகினம், அதால இந்தக் கதை எனக்குப் பழகினது.

முதல் உங்கட அரிசிக் கேள்வி. நேற்று ராத்திரி கடையை மூடின பிறகு தராசில நிறுத்தே பாத்தன். பாஸ்மதி ஒரு மணி 20 மி.கி கிட்ட வந்துது, சீரகச்சம்பா அதில பாதிதான். மொட்டைக்கறுப்பன் கையில இல்லை, இருந்திருந்தா அதையும் பாத்திருப்பன். இந்த எண்ணெயில நல்லாக் காய்ச்சினது எண்டா நூற்றுக்கு 60, 70 டிஎச்சி (கஞ்சாவில தலைக்கு ஏத்துற சாமான்) இருக்கும். அரைப் பாஸ்மதி 10 மி.கி எண்ணெய், அதில டிஎச்சி 7 மி.கி வரும். நீங்கள் கண் மட்டத்தில பாணில வைச்சது கட்டாயம் அதைவிடக் கூட, பிறகு இன்னொண்டு வேற. என்ர கணக்கில அம்மாவுக்கு 20, 25 மி.கி போயிருக்கும். கஞ்சாவே தொடாத 71 வயசு ஆளுக்கு நான் தொடங்கச் சொல்லுற அளவு ராத்திரியில 1 தொடக்கம் 2.5 மி.கி. இஞ்ச கடையில விக்கிற சொக்கிலேட், கம்மி எல்லாத்திலயும் ஒரு பக்கெற் முழுக்கச் சேத்தே 10 மி.கிக்கு மேல இருக்கக்கூடாது எண்டு சட்டம், அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

ரெண்டாவது, அந்த ஒண்டரை மணித்தியாலம். புகைச்சா டிஎச்சி நேர நுரையீரலால இரத்தத்துக்குப் போகும், அஞ்சு நிமிசத்தில தெரியும். விழுங்கினா குடலால ஈரலுக்குப் போய் அங்க அது வேற ஒரு சாமானா மாறும், 11-ஹைட்ரொக்ஸி-டிஎச்சி எண்டுறது, அது மூளைக்கு இன்னும் சுறுக்கா ஏறும். தெரிய அரை மணித்தியாலமும் ஆகலாம், ரெண்டு மணித்தியாலமும் ஆகலாம், பிறகு ஆறு எட்டு மணித்தியாலம் நிக்கும். "வேலை செய்யேல்ல, இன்னொண்டு வை" எண்டுற அந்த ஒரு வசனத்தாலதான் பாதிப் பேர் எமர்ஜென்சிக்குப் போறது. எழும்பேக்க பிரசரும் இறங்கும், அதுதான் அம்மா விழுந்தது.

சிரிஞ்சில லேபல் என்ன போட்டிருக்கு? டிஎச்சி எவ்வளவு, மொத்த டிஎச்சி எவ்வளவு எண்டு ரெண்டு இலக்கம் இருக்கும், அதை எழுதுங்கோ.

ஸ்காபரோ_மாமரம் எழுதினது:
அண்ணை, லேபலே இல்லை. சின்னம்மான்ர மருமகன்ர கூட்டாளி பேஸ்மென்றில காய்ச்சினதாம்.

மாத்திரை_எண்ணுபவன் எழுதினது:
அப்ப என்ர கணக்கெல்லாம் சும்மா. 20ஓ 40ஓ எண்டு ஆருக்கும் தெரியாது.

ஏன் ரெண்டு இலக்கம் கேட்டனான் எண்டா, பச்சைப் பூவில டிஎச்சி இல்லை, டிஎச்சிஏ எண்ட அமிலம்தான் இருக்கு, அது தலைக்கு ஏறாது. 110, 120 டிகிரி சூட்டில கொஞ்ச நேரம் வைச்சா கரியமிலவாயு கழண்டுபோய் டிஎச்சி ஆகும், எடையும் குறையும், 1 மி.கி அமிலத்துக்கு 0.877 மி.கி. லேபலில முதல் இலக்கம் இப்ப இருக்கிற டிஎச்சி, ரெண்டாவது முழுக்கச் சூடாக்கினா வாறது. காய்ச்சின எண்ணெயில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கோணும். பேஸ்மென்றில அடுத்த சட்டி வேற சூட்டில போனா, அதே கறுப்பு, அதே மணம், அடுத்த சிரிஞ்ச் அரைவாசியாவும் இருக்கலாம் ரெட்டிப்பாவும் இருக்கலாம்.

பிறகு எதில கழுவி எடுத்தது எண்டு கேளுங்கோ. சாப்பிடக்கூடிய எத்தனோல் எண்டா பரவாயில்லை, வடிவா ஆவியாக்கியிருந்தா. சிம்சன் தொடக்கத்தில சொன்னது நாப்தா, பெயின்ற் கழுவுற வகை, அது முழுக்கப் போகாது. அடுப்பில வைச்சு வீட்டையே கொளுத்தின ஆக்களும் இருக்கினம், அதால தயவுசெய்து ஆரும் இந்த இழையில செய்முறை கேக்காதேங்கோ.

அதோட அம்மாவுக்கு செறிவு எண்ணெய் என்னத்துக்கு? செறிவு எண்டுறது சின்ன இடத்தில கனக்க மில்லிகிராம், அவ்வளவுதான், அதால மருந்து திறமாகாது. நாளுக்கு நூறு மி.கி எடுக்கிற ஆளுக்கு அது வசதி. 2 மி.கி எடுக்கிற ஆளுக்கு அது கோடாலியால நகம் வெட்டுறது. ஏற்கெனவே ஐதாக்கின போத்தல் எண்ணெய் வருகுது, மி.லிக்கு இத்தினை மி.கி எண்டு அடிச்சு, அளக்கிற சிரிஞ்சும் தருவினம். லேபல் உள்ள செறிவுதான் கையில இருக்கு எண்டா, உதாரணத்துக்கு 1 கிராமில 700 மி.கி டிஎச்சி, அதை வெந்நீரில வைச்சு இளக்கி 140 மி.லி எம்சிடி எண்ணெயில (லேசில உறையாத ஒரு வகை) கரைச்சா 1 மி.லிக்கு 5 மி.கி, அரை மி.லி எடுத்தா 2.5. தேங்காயெண்ணெய் வேண்டாம், இந்தக் குளிருக்கு உறைஞ்சு போத்தலுக்குள்ள கட்டியா நிக்கும்.

கட்டாயம் செய்யவேண்டியது, வார்ஃபரின் குடுக்கிற கிளினிக்குக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. டிஎச்சியும், சிபிடியும் (கஞ்சாவில உள்ள, தலைக்கு ஏறாத மற்றச் சாமான்) வார்ஃபரினை உடைக்கிற அதே ஈரல் நொதிகளைப் பிடிக்கும், ஐஎன்ஆர் (இரத்தம் உறையப் பிடிக்கிற நேரத்தைக் காட்டுற அளவு) ஏறும், இரத்தம் நிக்காமப் போகலாம். விழுந்த ஆளுக்கு அது வேற ஆபத்து.

மதுரை_மின்மினி எழுதியது:
சரி சார், டோஸ் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா கேன்சர் செல்லை கொல்லுதுன்னு லேப்லயே காட்டிருக்காங்களே, அதை ஏன் மறைக்கிறீங்க?

கோவை_ஆன்கோ_நர்ஸ் எழுதியது:
யாரும் மறைக்கல மின்மினி. நான் கேன்சர் வார்டுல பதினோரு வருஷம். லேப் தட்டுல போட்டா பினாயில் ஊத்தினா கூட கேன்சர் செல் சாகும், கேள்வி அது இல்லயே, மனுஷன் உடம்புல என்ன ஆகுதுங்கறதுதான். சிம்ப்சனுக்கு இருந்ததா அவர் சொல்றது பேசல் செல் கார்சினோமா, அது மேலோட்டமா இருக்கற, ரொம்ப அபூர்வமாத்தான் பரவுற வகை, அதையும் அவர் மேல தடவிதான் கட்டுப் போட்டார். மாமரம் அம்மாவுக்கு எலும்புல இருக்கு. ரெண்டையும் ஒரே தராசுல எப்படி வைக்கறீங்க?

மனுஷங்கள்ல நடந்ததுன்னா மூளைக் கட்டி, கிளியோபிளாஸ்டோமா, 2021ல வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. 21 பேர், டெமோசோலமைடு கீமோவோட 12 பேருக்கு சாடிவெக்ஸ்ங்கற கஞ்சா ஸ்ப்ரே, 9 பேருக்கு டம்மி. ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது 83 சதவீதம், டம்மி பக்கம் 44. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 21 பேர்! அதை எழுதினவங்களே இதை வெச்சு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்லித்தான் அடுத்து பெரிய ட்ரையலுக்குப் போனாங்க. அது கீமோவை நிறுத்திட்டு குடுத்ததும் இல்ல, ஒரு ஸ்ப்ரேக்கு 2.7 மி.கி டிஎச்சி 2.5 மி.கி சிபிடின்னு அளந்து குடுத்தது, அரிசி மணி இல்ல. 2024ல அமெரிக்க புற்றுநோய் டாக்டர்கள் சங்கம் வழிகாட்டி போட்டாங்க, கீமோ வாந்திக்கு வழக்கமான மருந்து கேக்கலன்னா சேத்துக்கலாம், கேன்சரையே குணமாக்கன்னு ட்ரையலுக்கு வெளிய குடுக்காதீங்கன்னு.

இன்னொண்ணு, இது முக்கியம். இம்யூனோதெரபில (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி கேன்சரோட மோத விடற சிகிச்சை) இருக்கறவங்க உஷார். இஸ்ரேல்ல 2019ல வந்த ஆய்வு, நிவோலுமாப்ங்கற அந்த வகை மருந்து எடுத்த 140 பேர், கஞ்சா சேத்தவங்கள்ல மருந்துக்குக் கட்டி சுருங்கினது 15.9 சதவீதம், சேக்காதவங்கள்ல 37.5. உயிரோட இருந்த காலத்துல வித்தியாசம் தெரியல, அதனால இதுவும் கடைசித் தீர்ப்பு இல்ல, ஆனா டாக்டர்கிட்ட மறைச்சுக் குடுக்கற விஷயமும் இல்ல.

90 நாள் 60 கிராம் பத்தி கணக்கு போடுங்க. அந்த முறைல கடைசில நாளைக்கு 1 கிராம், அதாவது 600, 700 மி.கி டிஎச்சி. மாத்திரையா வர்ற டிஎச்சி, டிரோனாபினால்னு பேர், பசிக்குக் குடுக்கறது, உச்ச அளவே நாளைக்கு 20 மி.கி. எங்க வார்டுக்கு ஒரு அண்ணன் வந்தாரு, கீமோ ரெண்டு சைக்கிள் முடிச்சு நல்லா சுருங்கிட்டு இருந்த கட்டி, நடுவுல இந்த எண்ணெயை நம்பி நிறுத்திட்டாரு. மூணு மாசம் கழிச்சு ஸ்ட்ரெச்சர்ல வந்தாரு. அவ்ளோதான் சொல்வேன்.

மதுரை_மின்மினி எழுதியது:
...சரி. எங்கப்பாவுக்கு தொண்டைல. அதனாலதான் இதையே படிச்சிட்டு இருக்கேன் மேடம்.

கோவை_ஆன்கோ_நர்ஸ் எழுதியது:
அடடா. தனிமடல் போடுங்க தம்பி, ரிப்போர்ட்டோட.

லண்டன்_தாய் எழுதினது:
வணக்கம், எனக்கு கான்சர் விசயம் தெரியாது, ஆனா மேல மாமரம் எழுதின "முழுச்சாறு", இங்கிலீசில "ஃபுல் ஸ்பெக்ட்ரம்" எண்ட சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம், அஞ்சு வருசமா அதோடதான் வாழுறன். மகனுக்கு டிராவே சின்ட்ரோம், வலிப்பு. இஞ்ச 2018 நவம்பர் 1 தொடக்கம் ஸ்பெசலிஸ்ட் எழுதலாம் எண்டு சட்டம் வந்தது. என்எச்எஸ்ஸில (பிரிட்டன் அரசாங்க வைத்திய சேவை) வாறது எபிடியோலெக்ஸ், அது தனிச் சிபிடி, ஐசொலேட் எண்டுற வகை, மற்றது எல்லாம் உரிச்சு எடுத்தாச்சு. 2017இல வந்த ஆய்வில உடம்பு எடையில கிலோவுக்கு 20 மி.கி எண்டு குடுத்து மாசம் 12.4 வலிப்பு 5.9 ஆக் குறைஞ்சது, நடுவான கணக்கு. ஃபுல் ஸ்பெக்ட்ரம் எண்டா செடியில இருக்கிற டிஎச்சி, சிபிடி, சிபிஜி மாதிரிச் சாமான்கள், வாசம் குடுக்கிற டெர்பீன் எல்லாம் சேந்த சாறு. ப்ரோட் ஸ்பெக்ட்ரம் எண்டா அதில டிஎச்சியை மட்டும் எடுத்தது.

எல்லாம் சேந்து வேலை செய்தா கூடப் பலன் எண்டு ஒரு கதை இருக்கு, என்டூராஜ் எண்டுவினம். அந்தச் சொல் 1998இல மெகூலம் எண்ட இஸ்ரேல் விஞ்ஞானியின்ர ஆக்கள் எழுதினது, அதுவும் செடியைப் பற்றி இல்லை, எங்கட உடம்பே செய்யிற கஞ்சா மாதிரிச் சாமானைப் பற்றி. பிறகு அதைச் செடிக்கும் போட்டு, இப்ப எல்லாப் போத்தலிலயும் அதுதான் விளம்பரம். என்ர மகனுக்கு முழுச்சாறு கொஞ்சம் கூட உதவினது உண்மை, நான் பொய் சொல்லேல்ல, ஆனா அது டெர்பீனாலயோ, அதில இருந்த துளி டிஎச்சியாலயோ, அந்த மாசம் காய்ச்சல் வராததாலயோ எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது.

மற்றது குளோபசம் எண்ட வலிப்பு மாத்திரை எடுக்கிற பிள்ளையளுக்கு கவனம். சிபிடி தொடங்கி ஒரு கிழமையில என்ர பிள்ளை நாள் முழுக்க நித்திரை, சோத்துக் கோப்பையில முகம் வைச்சுப் படுக்கிறான், நான் நினைச்சன் கஞ்சா வேலை செய்யுது எண்டு. இல்லை, சிபிடி குளோபசத்தை உடம்பில தேக்கி வைக்குது. டொக்டர் குளோபசத்தைக் குறைக்க சரியாச்சு. வல்புரோயேற் எண்ட மற்ற வலிப்பு மருந்து எடுத்தா ஈரல் ரெஸ்ற் அடிக்கடி. பிறகு எப்பவும் ஒரே மாதிரிச் சாப்பாட்டோட குடுங்கோ, கொழுப்புச் சாப்பாட்டோட குடுத்தா நாலு அஞ்சு மடங்கு கூட இரத்தத்துக்குப் போகும். எங்கட வீட்டில ஒருநாள் வெறும் வயிறு, ஒருநாள் நெய்ச்சோறு எண்டு குடுத்துத்தான் இதைப் படிச்சது.

சேலம்_சிவா எழுதியது:
தமிழ்நாட்டுல இது கிடைக்குமா பாஸ்? ஆன்லைன்ல ஹெம்ப் சீட் ஆயில்னு 600 ரூவாய்க்கு பாத்தேன், அதான இது?

கறுப்புக்கோட்டு எழுதியது:
இல்லை சிவா. ஹெம்ப் சீட் ஆயில் விதையை ஆட்டின எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி சமையல் சாமான், அதுல டிஎச்சியும் இல்ல சிபிடியும் இல்லன்னே சொல்லலாம். 2021ல உணவா அனுமதிச்சாங்க, அவ்வளவுதான். அதை வாங்கி வலிக்குக் குடிச்சா தாளிப்பு வாசம் வரும், வலி போகாது.

இந்தியால 1985 என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டம். அதுல கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனி, பூ இல்லாம தனியா இருக்கற இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது, அந்தச் சந்துலதான் பாங்கும் ஆயுர்வேதத்துல விஜயான்னு விக்கற இலைச்சாறும் நிக்குது. சித்தத்துல சிவமூலின்னு சொல்றது இதே செடிதான். இலைச்சாறு மருந்து லைசன்ஸோட, வைத்தியர் சீட்டோட கிடைக்குது. ஆனா நீங்க பேசற ஆர்எஸ்ஓ அதுல வராது, ஏன்னா சட்டத்துல சரஸ்ங்கற (செடியோட பிசின்) வரையறைக்குள்ளயே ஹஷிஷ் ஆயில்னு பேர் போட்டே எழுதியிருக்கான். கஞ்சான்னா 1 கிலோ வரைக்கும் சிறு அளவு, சரஸ்னா வெறும் 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. சிறு அளவுக்கே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். "அம்மாவுக்கு மருந்துங்க"ன்னா கேஸ் எழுதறவர் பேனாவை மூட மாட்டார்.

வேடிக்கை என்னன்னா, இந்த செடியைச் சாராயத்துல ஊறவெச்சு மருந்தா வெள்ளைக்காரனுக்கு சொல்லிக் குடுத்ததே நம்ம ஊர்ல இருந்துதான் போச்சு, 1839ல கல்கத்தால ஓ'ஷாக்னசின்னு ஒரு டாக்டர் வாதம், ஜன்னி, குழந்தை வலிப்புக்கெல்லாம் குடுத்துப் பாத்து எழுதினார். இன்னிக்கு ஸ்காபரோல லேபலோட வாங்கறான், நாம சட்டப்பிரிவு படிச்சிட்டு இருக்கோம்.

மாத்திரை_எண்ணுபவன் எழுதினது:
இஞ்சயும் சும்மா வரேல்ல, கறுப்புக்கோட்டு. 2001இல இருந்து நோயாளிக்கு அனுமதி, ஆனா காய்ஞ்ச பூ மட்டும், எண்ணெயாக்கினா குற்றம். விக்டோரியாவில ஒரு நோயாளர் கிளப்புக்கு குக்கி சுட்டுக் குடுத்த ஓவன் ஸ்மித் எண்ட ஆளை 2009இல 200க்கு மேல குக்கியோட பிடிச்சவங்கள். அந்த வழக்கு சுப்ரீம் கோட் மட்டும் போய் 2015இல தீர்ப்பு, நுரையீரல் வருத்தக்காரனைப் புகைக்கத்தான் வேணும் எண்டு கட்டாயப்படுத்த ஏலாது எண்டு. எண்ணெய் சட்டத்துக்குள்ள வந்தது அதாலதான். எல்லாருக்கும் திறந்தது 2018 ஒக்டோபர் 17.

சிங்கை_ரயில் எழுதியது:
ஒரு விஷயம் யாரும் சொல்லலையே. கனடாவுல வாங்கின போத்தலைப் பையில போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிடாதீங்க, டாக்டர் லெட்டர் இருந்தாலும் கனடா எல்லையைத் தாண்டி எடுத்துட்டு வர்றதே அங்க குற்றம், சிபிடி மட்டும் உள்ள எண்ணெயும் அதே கணக்கு. இங்க சிங்கப்பூருன்னா குடிமக்கள், பிஆர் (நிரந்தரவாசி) ரெண்டு பேரும் வெளிநாட்டுல எடுத்துட்டு வந்து சிறுநீர் டெஸ்ட்ல மாட்டினாலும் கேஸ். எங்க அக்கா டிரான்சிட்ல மாத்திரை டப்பாவுக்குள்ள வெச்சுட்டு வரலாம்னு நினைச்சாங்க, கிளம்பற அன்னிக்கு ராத்திரி போன்லயே சண்டை போட்டு எடுக்க வெச்சேன்.

மட்டுறுத்துநர்:
"நல்ல ஆயில் கிடைக்கும், வாட்ஸாப் வாங்க" என்று நம்பர் போட்ட 2 பதிவு நீக்கப்பட்டது. இன்னொரு முறை போட்டால் கணக்கும் போகும்.

ஸ்காபரோ_மாமரம் எழுதினது:
மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும். சின்னம்மான்ர சிரிஞ்சில இருந்ததைப் பூனை மண்ணோட (கிற்றி லிற்றர்) குழைச்சு எறிஞ்சாச்சு, அவா இன்னும் என்னோட கதைக்கிறேல்ல. வலி பாக்கிற டொக்டரிட்ட எல்லாத்தையும் சொன்னன். அடிப்பா எண்டு நினைச்சன், "நல்ல காலம் சொன்னீங்கள், பாதிப் பேர் சொல்லுறேல்ல" எண்டிட்டு மெடிக்கல் டாக்குமென்ற் எழுதித் தந்தவா. வலியை இது பெரிசாக் குறைக்கும் எண்டு எதிர்பாக்காதேங்கோ, கான்சர் வலிக்குச் செய்த பெரிய ஆய்வுகளில ஸ்ப்ரே டம்மி மருந்தை வெல்லேல்ல, நித்திரையும் பசியும் பாப்பம் எண்டவா. போத்தல் தபாலில வந்தது, டிஎச்சியும் சிபிடியும் சமனா உள்ளது. ஒரு மி.கியில தொடங்கி இப்ப ராத்திரி 9 மணிக்கு 2 மி.கி, எப்பவும் அரைக் கோப்பை பாலோட. முதல் ரெண்டு கிழமை ஐஎன்ஆர் நாலு நாளுக்கு ஒருக்கா பாத்தவை, 2.4 இருந்தது 3.3க்கு ஏறினது, வார்ஃபரினைக் கொஞ்சம் குறைச்சாச்சு.

நித்திரை அஞ்சு மணித்தியாலம் வருது. வலி அப்பிடியேதான், ஹைட்ரோமோர்ஃபோன் குறையேல்ல. சாப்பாடு சில நாள் வருது, சில நாள் இல்லை. நேற்று சொதி கேட்டவா. ஸ்கான் அடுத்த மாசம், அதில இந்த எண்ணெய் ஒண்டும் செய்யும் எண்டு நான் நினைக்கேல்ல, கீமோக் குளிசை போகுது.

ஆனா ஒரு கூத்து. போத்தலைக் குளியலறைத் தட்டில வைச்சிட்டன், அப்பா அதைத் தலைக்கு வைக்கிற எண்ணெய் எண்டு எடுத்து உள்ளங்கையில ஊத்திப் போட்டார். மண்டையில தேய்ச்ச பிறகுதான் மணம் வேறயா இருக்கு எண்டு கேக்கிறார். ஏதும் ஆகுமோ அண்ணை?

மாத்திரை_எண்ணுபவன் எழுதினது:
மண்டைத் தோலால தலைக்கு ஏறுற அளவு போகாது, ஷாம்பூ போட்டுக் கழுவட்டும், கையை வாயில வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எத்தினை மி.லி ஊத்தினவர் எண்டு பாத்துப் போத்தலில குறிச்சு வையுங்கோ, இல்லாட்டி மாசக் கடைசியில கணக்குப் பிழைக்கும். போத்தலைப் பூட்டுற பெட்டிக்குள்ள வையுங்கோ, பேரப்பிள்ளையள் வாற வீடோ? முதலே நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?

ஸ்காபரோ_மாமரம் எழுதினது:
சொல்லேல்ல அண்ணை, ரெண்டு பேர் இருக்கினம், நாலும் ஆறும். இப்பவே வோல்மார்ட்டுக்குப் போறன் பெட்டி வாங்க.